வருத்தம் தெரிவித்தவர்களும் வருந்தாத இயந்திரங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அன்றாட வாழ்வில் நம்மைப் படுத்தியெடுக்கும் சின்னச் சின்ன அபத்தங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "இதையெல்லாம் எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ" என்று அலுத்துக்கொள்வதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அந்தப் புண்ணியவான்கள் யார் என்பது பெரும்பாலும் பதிவாகியே இருக்கிறது. எந்தக் காலத்தில், எந்த நிறுவனத்தில், எத்தகைய நல்லெண்ணத்தோடு அதைச் செய்தார்கள் என்பதுகூடத் தெரியும். அவர்களுள் கணிசமானோர் தாங்கள் செய்ததற்காகப் பகிரங்கமாக வருத்தமும் தெரிவித்துவிட்டார்கள் என்பதுதான் பலருக்கும் எட்டாத செய்தி. செய்தவரே கையெடுத்துக் கும்பிட்டு விலகிக்கொண்ட பிறகும், அவர் விட்டுச்சென்ற விதிக்கு உலகம் முழுவதும் மக்கள் ஒழுங்காகக் கீழ்ப்படிந்து வருவதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடவுச்சொல்லிலிருந்து தொடங்குவதே முறை. ஏதேனும் ஓர் இணையதளத்தில் ஒருவர் புதிய கடவுச்சொல் வைக்கும் காட்சியைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். நினைவில் நிற்கும்படியான ஒரு சொல்லைத் தட்டச்சு செய்கிறார். எட்டு எழுத்தாவது வேண்டும் என்று கட்டத்துக்கு அடியில் சிவப்பு வரி ஒன்று முளைக்கிறது. சொல்லை நீட்டினால், பெரிய எழுத்து ஒன்று வேண்டும் என்கிறது. முதல் எழுத்தைப் பெரிதாக்கினால் எண் வேண்டும். கடைசியில் 1 சேர்த்தால் சிறப்புக் குறியீடு வேண்டும். ஆச்சரியக்குறி போட்டால், அந்த ஒரு குறியீடு மட்டும் இங்கே செல்லாது. ஒருவழியாக எல்லாம் பொருந்திக் கட்டத்தின் ஓரம் பச்சையாகும்போது, எழுதியவருக்கே அந்நியமான ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. அதுவும் வெறும் புள்ளிகளாகத்தான் தெரிகிறது. அதை இன்னொரு முறை அப்படியே எழுதச் சொல்கிறார்கள். சில நாள் கழித்து நுழைய முயலும்போது தவறான கடவுச்சொல் என்று திருப்பியனுப்பப்பட்டு, ஓடிபி வாங்கி, வேறொன்றை வெகுநேரம் யோசித்து எழுதினால், "இது உங்கள் பழைய கடவுச்சொல், புதியதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று பதில் வருகிறது. இவ்வளவு நேரம் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார் என்பதை எடுத்துச் சொல்ல அங்கே ஆள் யாரும் இல்லை.

இந்த விதிகள் உலகெங்கும் பரவக் காரணமாக இருந்தவர் பில் பர் என்னும் அமெரிக்கர். அந்நாட்டு அரசின் தர நிர்ணய மற்றும் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் பணியாற்றியபோது, 2003-ஆம் ஆண்டு, வழிகாட்டி ஆவணம் ஒன்றுக்கு எட்டுப் பக்கப் பின்னிணைப்பு எழுதினார். பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறியீடு ஆகியவற்றைக் கலக்க வேண்டும், அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அறிவுரை அதிலிருந்து கிளம்பி, பிறகு அலுவலகம் அலுவலகமாக, வங்கி வங்கியாகப் பரவியது. மனிதர்கள் உண்மையில் எப்படிப்பட்ட கடவுச்சொற்களை வைக்கிறார்கள் என்பதற்குப் போதிய தரவு அவரிடம் அப்போது இல்லை. ஆகவே 1980-களின் நடுவில், வலைத்தளம் என்ற ஒன்றே பிறவாத காலத்தில் எழுதப்பட்ட ஓர் ஆய்வறிக்கையையே அவர் பெரிதும் சார்ந்திருந்தார். பணி ஓய்வு பெற்ற பின், 2017-இல், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழிடம், தாம் செய்தவற்றுள் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகத் தெரிவித்தார். அதே ஆண்டு அந்தக் கழகமும் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது: குறியீடுகளைக் கலக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டாம், காரணமின்றிக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லவும் வேண்டாம், நீளமாக இருந்தால் போதும் என்றது. மாற்றும்படி வற்புறுத்தினால் மக்கள் கடைசியிலுள்ள 1-ஐ 2 ஆக்குவார்கள், அடுத்த முறை 3 ஆக்குவார்கள் என்பதைக் கண்டறிய ஆராய்ச்சி தேவைப்பட்டதே ஒரு வேடிக்கைதான். இவ்வளவு நடந்த பிறகும், தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்றும்படி மிரட்டும் அறிவிப்பு அலுவலகக் கணினித் திரைகளில் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. தீர்ப்பை நீதிபதியே திரும்பப் பெற்ற பின்னும் சிறைக்காவலர் மட்டும் பூட்டைத் திறக்காமல் நிற்கும் கதை இது.

பர் அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கணினிக்குக் கடவுச்சொல் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்த முன்னோடியாகக் கருதப்படுபவர் ஃபெர்னாண்டோ கோர்படோ. 1960-களின் தொடக்கத்தில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் நேரம் பங்கிட்டுப் பயன்படுத்தும் அமைப்பை அவர் குழு உருவாக்கியபோது, ஒருவரது கோப்பை மற்றவர் பார்க்காமலிருக்க இதுவே எளிய வழியாகத் தோன்றியது. பாதுகாப்பு எந்த அளவில் இருந்தது என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் போதும். 1962-இல் அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ஆலன் ஷெர் என்பவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாததால், கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டுத் தரும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தார். அது மறுபேச்சின்றி அச்சிட்டுக் கொடுத்தது. 1966-இல் நிகழ்ந்தது அதைவிட அழகு. அன்றைய வரவேற்புச் செய்திக்கான கோப்பும் கடவுச்சொல் கோப்பும் ஒரு மென்பொருள் பிழையால் இடம் மாறிப்போக, உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் எல்லோருடைய கடவுச்சொற்களும் வரவேற்புரையாகக் காட்டப்பட்டன. 2014-இல் கோர்படோ அளித்த பேட்டியில், வலைத்தளங்கள் பெருகிய பின் கடவுச்சொல் என்பது ஒரு கொடுங்கனவு போலாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். தம்முடைய கடவுச்சொற்களை அவரே காகிதத்தில் எழுதித்தான் வைத்திருந்தார். மேசை இழுப்பறைக்குள் துண்டுச்சீட்டு வைத்திருப்போர் இனி யாருக்கும் கூச்சப்பட வேண்டியதில்லை.

கடவுச்சொல்லைத் தாண்டி உள்ளே போனால், நாம் மனிதர்தாமா என்ற விசாரணை தொடங்குகிறது. கேப்ட்சா என்று வழங்கும் இச்சோதனையில், ஒன்பது கட்டங்களாகப் பிரித்த ஒரு மங்கலான படத்தைக் காட்டி, போக்குவரத்து விளக்கு உள்ள கட்டங்களையெல்லாம் தொடும்படி கேட்கிறார்கள். விளக்கு நடுக்கட்டத்தில் தெளிவாக இருக்கிறது. அதில் சிக்கல் இல்லை. அதன் விளிம்பில் நகக்கண் அளவு மட்டும் பக்கத்துக் கட்டத்துக்குள் நீண்டிருக்கிறது. அதைத் தொட வேண்டுமா, விட வேண்டுமா? விளக்கைத் தாங்கி நிற்கும் கம்பம் விளக்கில் சேர்த்தியா? படிக்கட்டு என்று கேட்டால் கைப்பிடிச் சுவர் படிக்கட்டு ஆகுமா? பல நூற்றாண்டுகளாகத் தர்க்க நூலார் முட்டிமோதிய முழுமை, பகுதி என்னும் சிக்கலை, மின்கட்டணம் செலுத்த வந்த ஒருவர் சில நொடிகளுக்குள் தீர்த்தாக வேண்டியிருக்கிறது. தவறாகத் தீர்த்தவர் மனிதராக ஏற்கப்படுவதில்லை. அவருக்கு மிதிவண்டிகள் உள்ள வேறொரு படம் வழங்கப்படுகிறது.

இதை உருவாக்கியோருள் ஒருவரான லூயிஸ் வான் ஆன், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். தம் கண்டுபிடிப்பு உலகெங்கும் பரவியதைக் கண்டு முதலில் பெருமைப்பட்டதாகவும், பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது மனம் சங்கடப்பட்டதாகவும் அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கோடி முறை மக்கள் இச்சோதனைக்கு உட்பட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி என்று வைத்தாலும், மனித குலத்தின் 5 லட்சம் மணி நேரத்துக்கும் மேல் தினந்தோறும் வீணாகிக்கொண்டிருந்தது. மற்றவர்களைப் போல் வருத்தம் தெரிவித்துவிட்டு அவர் ஒதுங்கிவிடவில்லை என்பதால் அவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. வீணாகும் நேரத்துக்கு ஒரு வேலை தேடிக் கண்டுபிடித்தார். 2007-இல் வந்த ரீகேப்ட்சாவில் இரண்டு சொற்கள் காட்டப்பட்டன. ஒன்று கணினிக்கு ஏற்கெனவே விடை தெரிந்தது. மற்றது பழைய நூல்களையும் நாளிதழ்களையும் எண்ணிம வடிவுக்கு மாற்றும்போது கணினியால் படிக்க முடியாமல் போன, மை கலைந்த சொல். நாம் இரண்டையும் எழுதுவோம். முதலாவதால் நாம் மனிதர் என்று நிரூபணமாகும், இரண்டாவதால் ஒரு பழைய பக்கத்தின் ஒரு சொல் மீட்கப்படும். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பழைய இதழ்கள் பல இவ்வழியாகவே மீட்கப்பட்டன. உலகமே சம்பளமின்றி, தான் செய்வது இன்னதென்று தெரியாமலே, ஒரு நாளிதழுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்திருக்கிறது என்பதைத் தங்கள் அலுவலகத்து மெய்ப்புத் திருத்துநர்கள் கேட்டால் என்ன நினைப்பார்களோ, அறியேன்.

அந்த அளவு பயன்கூட இப்போது எஞ்சியிருக்கிறதா என்பது ஐயத்துக்குரியது. 2009-இல் ரீகேப்ட்சாவைக் கூகுள் வாங்கியது; சொற்கள் போய்ப் படங்கள் வந்தன. 2023-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட ஓர் ஆய்வு, இத்தகைய சோதனைகளை மனிதரைவிட இயந்திரங்கள் விரைவாகவும் பிழை குறைவாகவும் முடிக்கின்றன என்று காட்டியது. எனவே, கைப்பிடிச் சுவரில் தடுமாறி, மிதிவண்டியில் தோற்று, மூன்றாவது படத்தில் எரிச்சலடைபவரை ஐயமின்றி மனிதர் என்று உள்ளே விட்டுவிடலாம். முதல் முயற்சியிலேயே தேறுபவரைத்தான் நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

இவ்விடத்தில் நாளிதழ்களுக்கு உரிய ஒரு பெருமையைச் சொல்லத் தோன்றுகிறது. இன்று தங்கள் இதழில் ஒரு பெயர் தவறாக அச்சானால், நாளையே அதே இதழில் சிறு கட்டத்துக்குள் திருத்தம் வெளியாகிறது. தவறைப் படித்த அதே வாசகரின் கையில்தான் திருத்தமும் போய்ச் சேர்கிறது. கணினி உலகத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. பில் பர் எழுதிய விதி கோடிக்கணக்கான திரைகளில் தினமும் அச்சாகிறது. அவர் தெரிவித்த வருத்தம் ஒரு நாள் செய்தியாக வந்து, மறுநாள் பழைய தாளாகிவிட்டது. ஆகவே, தங்கள் இதழில் வாரம் ஒருமுறையேனும் ஒரு மூலையை ஒதுக்கி, இன்னின்ன விதியை அதை ஏற்படுத்தியவரே இன்ன ஆண்டில் கைவிட்டுவிட்டார், எனவே வாசகர்களும் அவர்களுக்கு மேலுள்ள அதிகாரிகளும் அதை இனிக் கடைப்பிடிக்க வேண்டியதில்லை என்று அறிவித்தால், அது பெரும் பொதுச்சேவையாக இருக்கும். கத்தரித்து மேலதிகாரியின் மேசையில் வைப்பதற்கு வசதியாக, சுற்றிலும் புள்ளிக்கோடு போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

முதல் சில வாரங்களுக்குப் பொருள் பஞ்சம் இருக்காது. படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தை மறைத்துக்கொண்டு திடீரென்று எழும் விளம்பரச் சாளரத்துக்கு நிரல் எழுதியவர் ஈத்தன் சக்கர்மன். 1990-களில் தாம் பணிபுரிந்த தளத்தில், ஆபாசமான பக்கமொன்றில் தன் விளம்பரம் வந்துவிட்டதே என்று ஒரு கார் நிறுவனம் பதறியதால், பக்கம் வேறு விளம்பரம் வேறு என்று பிரித்துக் காட்டுவதற்காக அதைச் செய்ததாகக் கூறி, 2014-இல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரியின் தொடக்கத்தில் வரும் இரண்டு சாய்கோடுகளுக்கு உண்மையில் தேவையே இருந்ததில்லை என்று 2009-இல் ஒப்புக்கொண்டார். அதற்குள் அவ்விரு கோடுகளுக்காக எவ்வளவு மையும் விரல் நோவும் செலவாகியிருக்கும் என்று யாரும் கணக்கிடவில்லை. கணினிக்குள் நுழையவே மூன்று விசைகளை ஒருசேர அழுத்த வேண்டியிருந்த கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, அது ஒரு தவறு என்று பில் கேட்ஸ் 2013-இல் சொன்னார். ஒரே பொத்தான் போதும் என்று தாங்கள் கேட்டதாகவும், ஐபிஎம் நிறுவனத்தில் விசைப்பலகை வடிவமைத்தவர் கொடுக்க மறுத்துவிட்டதாகவும் விளக்கினார். அந்த மூன்று விசைச் சேர்க்கையைக் கண்டுபிடித்த டேவிட் பிராட்லி, ஒரு விழா மேடையில் கேட்ஸை அருகில் வைத்துக்கொண்டே, கண்டுபிடித்தது வேண்டுமானால் நானாக இருக்கலாம், அதைப் புகழ்பெறச் செய்தவர் இவர்தான் என்று சொன்னதும் பதிவாகியுள்ளது. எவ்வளவு தள்ளினாலும் முடியாமல் நீளும் கைபேசித் திரைக்கு 2006-இல் வழிவகுத்த ஆஸா ரஸ்கினும் வருத்தம் தெரிவித்தோர் வரிசையில் சேர்ந்துவிட்டார். அவருடைய வருத்தத்தையும் பெரும்பாலோர் அந்தத் திரையைத் தள்ளிக்கொண்டே போகும்போதுதான் படித்திருப்பார்கள்.

வருத்தம் தெரிவிக்க எவருமே முன்வராத துறை ஒன்று உண்டென்றால், அது "விதிமுறைகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்" என்னும் சிறு சதுரம். மனித குலம் அன்றாடம் கூசாமல் சொல்லும் பொய்களுள் இதற்கே முதலிடம் என்பது என் கருத்து. இதில் வேடிக்கை என்னவென்றால், சொல்பவருக்கும் அது பொய்யென்று தெரியும், கேட்பவருக்கும் தெரியும், நாளை வழக்கு என்று வந்தால் அப்பொய்யே ஆவணமாக நிற்கும் என்பதும் தெரியும். ஓராண்டில் ஒருவர் சென்று பார்க்கும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளையெல்லாம் வரி விடாமல் படிக்க எவ்வளவு நேரமாகும் என்று 2008-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கணக்கிட்டனர். 200 மணி நேரத்துக்கு மேல் வந்தது. அலுவலக நேரத்தில் படித்தால், உண்ண எழும் நேரம் போக, ஒரு மாதச் சம்பளத்தை இதற்கே எழுதிவைக்க வேண்டும். அதுவும் அன்றைய தளங்களின் கணக்கு. 2010 ஏப்ரல் 1 அன்று, பிரிட்டனில் இயங்கிவந்த கேம்ஸ்டேஷன் என்னும் விளையாட்டு மென்பொருள் விற்பனை நிறுவனம், வாடிக்கையாளர் தம் அழியாத ஆன்மாவை நிறுவனத்துக்கு உரிமையாக்க ஒப்புக்கொள்கிறார் என்று விதிமுறைகளுக்கு நடுவே ஒரு வரியைச் செருகி வைத்தது. ஏறத்தாழ 7,500 பேர் ஆன்மாவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்பவர்கள் மறுப்பதற்கு அருகிலேயே ஒரு சதுரமும் வைத்து, அதைத் தொட்டவர்களுக்குச் சிறு பரிசுச் சீட்டும் கொடுத்தார்கள். மிகச் சிலரே அதைக் கண்டுகொண்டனர். அந்த ஆன்மாக்களைத் தாங்கள் வசூலிக்கப் போவதில்லை என்று நிறுவனம் பின்னர் அறிவித்ததைப் பெருந்தன்மை என்றே சொல்ல வேண்டும்.

குக்கீ அறிவிப்பும் இதன் உறவுதான். குக்கீ என்பது, நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள இணையதளம் நம் கருவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. நம் அனுமதியின்றி நம்மைப் பின்தொடரக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. 2018-இல் அது இன்னும் கடுமையானது. பின்தொடர்வது நின்றதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, பின்தொடரலாமா என்று கேட்பது மட்டும் புதிதாகச் சேர்ந்தது. "அனைத்தையும் ஏற்கிறேன்" என்ற பொத்தான் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் கட்டைவிரல் போய் நிற்கும் இடத்திலேயே இருக்க, மறுப்பதற்கான வழியோ, சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் "விருப்பங்களை நிர்வகிக்க" என்று எழுதப்பட்ட ஒரு சந்துக்குள் நுழைந்து, வரிசையாக உள்ள சொடுக்கிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போய், கடைசியில் "சேமி" என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதில் முடிகிறது. ஏற்பது எவ்வளவு எளிதோ, மறுப்பதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று கூறி, 2022 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. சந்துகள் பல இடங்களில் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தவை, எதுவுமே செய்யாத பொத்தான்கள். லிஃப்டுக்குள் நுழைந்ததும் கதவை மூடும் பொத்தானை அழுத்தாதவர் அரிது; அவசரக்காரர்கள் மூன்று நான்கு முறை அழுத்துவார்கள், அழுத்த அழுத்த வேகம் கூடும் என்பதைப் போல. 1990-இல் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்த பின், ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் வருபவர் உள்ளே நுழையப் போதிய நேரம் கதவு திறந்திருக்க வேண்டும் என்றாயிற்று. அதன் விளைவாக அந்நாட்டின் பெரும்பாலான லிஃப்டுகளில் பயணிகள் அழுத்தும் அந்தப் பொத்தான் கதவை விரைவுபடுத்துவதில்லை என்று அத்தொழிலின் கூட்டமைப்புத் தலைவரே 2016-இல் தெரிவித்தார். நியூயார்க் நகரில் சாலையைக் கடப்போர் அழுத்துவதற்காக 3,250 பொத்தான்கள் இருந்தன என்றும், போக்குவரத்து விளக்குகள் கணினியின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதால் அவற்றுள் 2,500-க்கு மேற்பட்டவை வெறும் அலங்காரமாகிவிட்டன என்றும் 2004-இல் செய்தி வந்தது. மக்கள் அதன் பிறகும் அழுத்தினார்கள். விளக்கு எப்படியும் மாறத்தான் போகிறது. மாறும்போது, தாம் அழுத்தியதால் மாறியது என்ற மனநிறைவோடு கடந்து போகிறார்கள். நம் கையில் இல்லாதது நம் கையில் இருப்பதாக எண்ணும் இந்த மயக்கத்தை உளவியலாளர் எலன் லாங்கர் 1975-லேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார். வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டு நம்மை வேலை வாங்கும் கருவிகளுக்கு நடுவே, ஒன்றும் செய்யாமல் நம்மைத் திருப்திப்படுத்தும் இப்பொத்தான்களுக்காக யாரும் வருந்த வேண்டியதில்லை என்பது என் தாழ்மையான கருத்து. கடவுச்சொல் கட்டத்துக்குப் பக்கத்திலும் இப்படி ஒன்றை வைத்தால் நன்றாயிருக்கும்.

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துக் காத்திருக்கும்போது ஒலிக்கும் இசைக்கும் ஒரு தந்தை உண்டு. ஆல்ஃபிரட் லெவி என்னும் தொழிற்சாலை உரிமையாளர், தம் தொலைபேசி இணைப்பின் தளர்ந்த கம்பி ஒன்று கட்டடத்தின் இரும்பு உத்தரத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததால் பக்கத்து வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு, காத்திருப்பவர்களின் காதில் விழுவதைக் கண்டறிந்து, 1966-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அறுந்தும் அறாமலும் தொங்கிய ஒரு கம்பியால் பிறந்தது என்பதாலோ என்னவோ, அந்த இசை இன்றும் பெரும்பாலும் கரகரப்பாகவே கேட்கிறது. அந்த இசையை ஒருவகையில் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், மனம் ஒருவாறு அடங்கி அதில் இலயிக்கத் தொடங்கும் நேரம் பார்த்து, அதை நிறுத்திவிட்டு, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரு குரல் குறுக்கிடுவதைத்தான் பொறுக்க முடிவதில்லை. இசை நின்றதும் ஆள் வந்துவிட்டார் என்று நம்பி, "ஹலோ, சார்" என்று பதறிப் பேசத் தொடங்குபவரிடம், அவர் எவ்வளவு முக்கியமானவர் என்று பதிவுசெய்யப்பட்ட குரல் விளக்குகிறது. விளக்கி முடித்து, மீண்டும் இசைக்கே அனுப்பிவைக்கிறது. உண்மையில் ஆள் வரும்போது, இவர் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். பிரச்சினை தீர்ந்ததோ இல்லையோ, அழைப்பு முடிந்த மறு நொடி, தங்கள் அனுபவத்துக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது.

கேட்க ஆளில்லாத இடத்தில் பேசச் சொல்வது ஒரு வகை அபத்தம் என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவது இன்னொரு வகை. 2016 நவம்பரில், பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் ஒரு சோதனை மின்னஞ்சல் தவறுதலாக ஏறத்தாழ 8,40,000 ஊழியர்களுக்குப் போய்விட்டது. பெற்றவர்களுள் சிலர், தம்மைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி "ரிப்ளை ஆல்" அழுத்தி எல்லோருக்கும் எழுதினார்கள். அதைப் பெற்றவர்களுள் சிலர், தயவுசெய்து யாரும் எல்லோருக்கும் பதில் எழுதாதீர்கள் என்று எல்லோருக்கும் பதில் எழுதினார்கள். அஞ்சல் வழிகள் அடைபட்டு, உண்மையான கடிதங்கள் மணிக்கணக்கில் தாமதமாயின. இதற்கு அஞ்சித்தானோ என்னவோ, பெருநிறுவனங்கள் மறுகோடிக்குப் போய், அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும், இது தானியங்கி முகவரி, இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிடுகின்றன. அதே மின்னஞ்சலின் தலைப்பகுதியில், தங்கள் கருத்துகளை ஆவலோடு எதிர்பார்க்கிறோம் என்றும் எழுதியிருக்கிறது.

எனவே, ஆசிரியர் அவர்களே, தங்களிடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இக்கடிதம் நீளமாக இருக்கிறது என்று கருதினால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர் பற்றிய வாக்கியத்தை மட்டும் கூடுமானால் விட்டுவையுங்கள். பிரசுரிக்கத் தக்கதல்ல என்று தோன்றினால் ஒரு வரியில் கையால் எழுதி மறுத்துவிடுங்கள், மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். கடிதம் கிடைத்தது, உங்கள் கடிதம் எங்களுக்கு மிக முக்கியம், இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்